கோட்டைக்குள் உட்கார்ந்தபடி ஒரு எல்லைப் பிரதேசத்தைக் காக்க முடியுமா? நியூ மெக்சிகோ, 1861–62

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது நியூ மெக்சிகோ பிரதேசத்தில் வடக்குத் தரப்பின் தளபதியாக இருந்த கர்னல் எட்வர்ட் கேன்பி, வால்வெர்டேயில் தோற்றார், ஆல்புகர்க்கியையும் தலைநகர் சாண்டா ஃபேயையும் தெற்குத் தரப்பில் வந்த டெக்சஸ்காரர்களிடம் விட்டார், அந்த நேரம் முழுக்க கிரெய்க் கோட்டைக்குள் உட்கார்ந்திருந்தார். கடைசியில் குளோரியெட்டா கணவாயில் எதிரியின் முதுகை ஒடித்தது கொலராடோவில் இருந்து வந்த தொண்டர் படை. அப்படியிருக்க கேன்பியைத் 'தென்மேற்கைக் காத்தவர்' என்று ஏன் சொல்கிறார்கள்? அதிர்ஷ்டம்தானே?

இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். போர்க்களம் போய், ஊர்கள் போய், தலைநகரும் போன பிறகு ஒருவர் அந்தப் பிரதேசத்தை இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல முடியுமா? என் பதில், முடியும், அதுவும் அந்த நிலத்தில் வேறு வழியே கிடையாது என்பதுதான். நான் ராணுவ சப்ளைப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன், அப்புறம் பயிற்சி வகுப்புகளில் இந்தப் போரைப் பாடமாகவும் எடுத்திருக்கிறேன். அதனால் என் கண் முதலில் வண்டிக்கும் தீவனத்துக்கும்தான் போகும். குதிரைப்படை வரலாறு எழுதுகிறவர் இதே கதையை வேறு விதமாகச் சொல்வார், அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நிலம். அன்றைய நியூ மெக்சிகோ பிரதேசம் என்றால் இன்றைய நியூ மெக்சிகோவோடு அரிசோனாவும் சேர்ந்தது. 1848இல் மெக்சிகோவிடமிருந்து போரில் பிடுங்கிய நிலம், 1850இல் பிரதேசமானது (இன்னும் மாநிலம் ஆகாத, மத்திய அரசின் கீழ் இருந்த பகுதி), தெற்கு ஓரம் 1853ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் விலைக்கு வாங்கியது. 1860 கணக்கெடுப்பில் சுமார் 93,000 பேர், பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். மக்கள் இருந்ததெல்லாம் ரியோ கிராண்டே ஆற்றங்கரையை ஒட்டித்தான். அந்த ஆற்றோரத்தை விட்டு இரண்டு நாள் தள்ளிப் போனால் அப்பாச்சி, நவஹோ பழங்குடிகள் ஆளும் நிலம். ரயில் கிடையாது, தந்தி கிடையாது. மிசூரியில் இருந்து சாண்டா ஃபே வரை சுமார் 900 மைல் வண்டிப்பாதை, சரக்கு வண்டிகள் வந்து சேர இரண்டு மாதம் ஆகும். தெற்கே சான் அன்டோனியோவில் இருந்து எல் பாசோ வரவே 600 மைலுக்கு மேல் வறண்ட பாதை. ஆக இரண்டு தரப்புக்குமே இது வீட்டைவிட்டு வெகுதூரத்தில் நடந்த போர். வித்தியாசம் ஒன்றுதான், வடக்குத் தரப்பின் உணவு ஏற்கெனவே அங்கே கிடங்குகளில் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அன்றைய அமெரிக்க ராணுவ அளவுப்படி ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 14 பவுண்டு வைக்கோலும் 12 பவுண்டு தானியமும், கோவேறு கழுதைக்கு அதே 14 பவுண்டு வைக்கோலும் 9 பவுண்டு தானியமும். வைக்கோலை மறந்துவிடுங்கள், வழியில் புல் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம் (பிப்ரவரியில் கிடைக்காது, ஆனாலும்). 1,000 குதிரைக்குத் தானியம் மட்டும் ஒரு நாளைக்கு 12,000 பவுண்டு. ஆறு கழுதை பூட்டிய ராணுவ வண்டி அந்த மாதிரிப் பாதையில் 2,400 பவுண்டு இழுத்தால் நல்ல வண்டி. அதாவது தினமும் ஐந்து வண்டி. அந்த ஆறு கழுதைகளும் சாப்பிட வேண்டுமே, ஒரு நாளைக்கு 54 பவுண்டு. போக வர இருபது நாள் ஓடினால் 1,080 பவுண்டு, வண்டியில் ஏற்றியதில் கிட்டத்தட்ட பாதியை இழுக்கிற கழுதையே தின்றுவிடும். மனிதனின் ரேஷன் ஒரு நாளைக்குச் சுமார் மூன்று பவுண்டு, அது இந்தக் கணக்கில் ஒரு மூலைக்குத்தான் வரும். இப்படிப்பட்ட இடத்துக்குள் குதிரைப்படையோடு நுழைகிறவன், உள்ளே இருக்கிற கிடங்கு ஒன்றைப் பிடித்தே ஆக வேண்டும். பிடிக்காவிட்டால் திரும்ப வேண்டிய நாள் அவன் புறப்பட்ட அன்றைக்கே குறித்தாகிவிட்டது.

1861 கோடையில் வடக்குத் தரப்பின் நிலைமை படுமோசம். அங்கே தலைமை வகித்த கர்னல் வில்லியம் லோரிங் ராஜினாமா செய்துவிட்டுத் தெற்கோடு சேர்ந்தார். மேஜர் ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லியும் மே மாதம் அப்படியே போனார். சிப்லி கூடாரம் என்று ஒரு கூம்பு வடிவக் கூடாரம் உண்டே, அதை வடிவமைத்தவர் இவர்தான். போருக்கு முந்தைய குளிர்காலத்தில் நவஹோக்களுக்கு எதிரான படையெடுப்பில் கேன்பியின் கீழ் இருந்தவர். எந்தக் கோட்டையில் எவ்வளவு சரக்கு, எந்தச் சுனையில் எப்போது தண்ணீர் இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த அறிவோடு தெற்குத் தரப்பின், அதாவது கான்ஃபெடரேட் அரசின் தலைநகர் ரிச்மண்டுக்குப் போய், அதன் ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸைப் பார்த்து, டெக்சஸில் ஒரு பிரிகேடு திரட்ட அனுமதி வாங்கி வந்தார். கேன்பிக்குப் பொறுப்பு தானாக வந்து விழுந்தது, ஜூன் மாதம். போதாததற்கு, இருக்கிற நிரந்தரப் படைகளைக் கிழக்கே அனுப்பு என்று மேலிடத்து உத்தரவு வேறு. அவர் இழுத்தடித்து, கெஞ்சி, ஒரு பகுதியை நிறுத்தி வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதமே முதல் அடி. லெப்டினன்ட் கர்னல் ஜான் பேலர் 300க்கும் குறைவான டெக்சஸ் ஆட்களோடு ஜூலை 25 அன்று மெசில்லா ஊருக்குள் நுழைந்தார். பக்கத்தில் ஃபில்மோர் கோட்டையில் மேஜர் ஐசக் லிண்ட், சுமார் 500 பேரோடு. அந்தக் கோட்டையைக் கோட்டை என்பதே அதிகம். சுற்றிலும் மணல் மேடு, மேட்டில் பீரங்கி வைத்தால் முடிந்தது, தண்ணீர் ஆற்றிலிருந்து வர வேண்டும். லிண்ட் ஒரு அரைகுறைத் தாக்குதல் நடத்திவிட்டு, கோட்டையைக் கைவிட்டு, ஜூலை வெயிலில் ஆட்களை மலைப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். வழியெல்லாம் தாகத்தில் விழுந்தார்கள், ஜூலை 27 அன்று சான் அகஸ்டின் சுனை அருகே மொத்தமாகச் சரணடைந்தார். சிப்பாய்கள் தண்ணீர்க் குடுவையில் விஸ்கி நிரப்பிக்கொண்டதால்தான் விழுந்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது வெகுகாலம் கழித்து எழுதப்பட்டவற்றில் வருவது, நான் அதை நம்புவதில்லை. அந்த வெயிலில் இருபது மைலைத் தண்ணீரில்லாமல் கடக்கிற படை விழ விஸ்கி தேவையில்லை. பேலர் ஆகஸ்ட் 1 அன்று 34ஆம் அட்சரேகைக்குத் தெற்கே இருக்கிறதெல்லாம் கான்ஃபெடரேட் அரிசோனா பிரதேசம் என்று அறிவித்து, தானே ஆளுநராகிவிட்டார்.

இதற்குப் பிறகு கேன்பி செய்ததுதான் உங்கள் கேள்விக்கான பதில். எல்லா இடத்தையும் காக்கப் பார்க்கவில்லை. சின்னச் சின்னக் கோட்டைகளை மூடினார், ஆட்களையும் சரக்கையும் இரண்டு முடிச்சுகளில் குவித்தார். தெற்கே ரியோ கிராண்டேயின் மேற்குக் கரையில் கிரெய்க் கோட்டை, டெக்சஸில் இருந்து ஆற்றோரமாக வருகிற பாதையை அது பார்த்துக்கொண்டிருக்கும். வடகிழக்கே, மிசூரிப் பாதை மலைக்குள் நுழையும் இடத்துக்கு அருகே யூனியன் கோட்டை, மொத்தப் பிரதேசத்தின் தாய்க் கிடங்கு. அங்கே நட்சத்திர வடிவில் புது மண்கோட்டை எழுப்பச் சொன்னார். இந்த இரண்டும் நின்றால் நடுவில் இருக்கும் ஊர்களை எதிரி பிடித்தாலும் வைத்துக்கொள்ள முடியாது. இது பின்னால் யாரோ கண்டுபிடித்துச் சொன்ன விளக்கம் இல்லை, அவருடைய உத்தரவுகளிலேயே தெரிகிறது. அந்த உத்தரவுகள் பெரும்பாலும் சரக்கைப் பற்றியவை.

ஆள் பலத்துக்கு உள்ளூர் ஸ்பானிஷ் மக்களிடம்தான் போக வேண்டியிருந்தது. பிரபல மலைவழிகாட்டி கிட் கார்சன் தலைமையில் முதலாவது நியூ மெக்சிகோ தொண்டர் ரெஜிமென்ட், அப்புறம் மற்ற ரெஜிமென்டுகள், ஊர்க்காவல் படைகள். இவர்களுக்கு வாஷிங்டன் மேல் பெரிய பாசமெல்லாம் இல்லை, 15 வருஷத்துக்கு முன்னால்தான் அந்தக் கொடி படையோடு வந்து ஊரைப் பிடித்தது. ஆனால் டெக்சஸ்காரர்கள் மேல் அதைவிடப் பழைய கோபம் இருந்தது. ரியோ கிராண்டே வரை எங்கள் நிலம் என்று டெக்சஸ் உரிமை கொண்டாடியது, 1841இல் சாண்டா ஃபேயைக் குறிவைத்து ஒரு படை வேறு கிளம்பி வந்து பிடிபட்டது. அந்த உரிமைக் கோரலைக் கைவிட 1850இல் மத்திய அரசு டெக்சஸுக்கு ஒரு கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. குழந்தை அழுதால் 'டெக்சஸ்காரன் வருகிறான்' என்று சொல்லி அடக்கும் அளவுக்கு வெறுப்பு. சிப்லி இந்த மக்கள் தன்னை வரவேற்பார்கள் என்று நம்பித்தான் வந்தார். அவருடைய திட்டத்தில் எனக்குப் புரியவே புரியாத பகுதி இதுதான், இத்தனை வருஷம் அங்கே இருந்துவிட்டு எப்படி இதைக் கவனிக்காமல் போனார்?

அதே சமயம் கேன்பியும் இந்தத் தொண்டர்களை மதிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. சம்பளப் பணம் கிழக்கிலிருந்து வரவில்லை, உடுப்பு வரவில்லை, சில கம்பெனிகளில் கலகமே நடந்தது. மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, வால்வெர்டேயில் தோற்றதும் பழியை அவர்கள் மேல் போட்டார். அவருடைய அறிக்கையைப் படிக்கும்போது இந்த இடத்தில் மட்டும் எனக்கு எரிச்சல் வரும்.

சிப்லி 1862 பிப்ரவரியில் சுமார் 2,500 பேரோடும் 15 பீரங்கியோடும் ஆற்றோரமாக வடக்கே கிளம்பினார். அதற்குள்ளேயே அம்மையும் நிமோனியாவும் படையை அரித்திருந்தன. கையிலிருந்தது கான்ஃபெடரேட் காகிதப் பணம், அதற்கு அந்த ஊரில் யாரும் ஒரு மூட்டை சோளம்கூடத் தர மாட்டார்கள். கிரெய்க் கோட்டையில் கேன்பியிடம் சுமார் 3,800 பேர். கோட்டைச் சுவரில் மரக்கட்டைகளைக் கறுப்படித்துப் பீரங்கி மாதிரி நிறுத்தியிருந்ததாகச் சொல்வதுண்டு. அது நிஜமோ இல்லையோ, நேரடியாக மோதினால் செத்தோம் என்று சிப்லிக்குத் தெரிந்துவிட்டது. கோட்டையைச் சுற்றிப் போய், வடக்கே வால்வெர்டே துறையில் ஆற்றை அடைந்து, கேன்பியின் சப்ளைப் பாதையை வெட்டலாம் என்று கிழக்குக் கரைக்குக் கடந்தார். அந்த இரவு டெக்சஸ் படை எரிமலைக் கல் மேட்டில் தண்ணீரில்லாமல் தங்கியது. கீழே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஆறு. நூற்றுக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகள் தாகம் தாங்காமல் கயிற்றை அறுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடி, நேரே வடக்குப் படையின் கையில் மாட்டின. இழுக்க ஆளில்லாமல் நின்ற வண்டிகளை அவர்கள் அங்கேயே கொளுத்திவிட்டுப் போக வேண்டியதாயிற்று. போரில் முதல் குண்டு வெடிக்கும் முன்பே நடந்தது இது. என்னைக் கேட்டால் குளோரியெட்டா இங்கேயே தொடங்கிவிட்டது.

அந்த இரவைப் பற்றித்தான் அந்தப் பிரபலமான கதையும் உண்டு. பாடி கிரேடன் என்கிற கேப்டன் இரண்டு கிழட்டுக் கழுதைகள் மேல் குண்டுப் பெட்டியைக் கட்டித் திரியைக் கொளுத்தி எதிரி முகாம் பக்கம் விரட்டினாராம், அவை திரும்பி எஜமானைத் தேடி ஓடி வந்தனவாம். பல வருஷம் கழித்து ஒருவர் எழுதியதில் இருந்து கிளம்பியது. கிரேடன் அப்படிப்பட்ட ஆள்தான், அதனால் நடந்திருக்கலாம். ஆனால் இதை வைத்துப் படையெடுப்பின் போக்கை விளக்குகிறவர்களை நம்பாதீர்கள்.

பிப்ரவரி 21, வால்வெர்டே. காலை முழுக்க வடக்குத் தரப்பின் கைதான் ஓங்கியிருந்தது. டெக்சஸ் ஈட்டிக் குதிரைப்படையின் ஒரு கம்பெனி, ஒன்பது அடி ஈட்டியோடு கொலராடோ காலாட்படை மேல் பாய்ந்து சின்னாபின்னமானது, அதற்குப் பிறகு ஈட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மதியத்துக்கு மேல் கேன்பி களத்துக்கு வந்து, வலப்பக்கம் கனமாக்கி எதிரியைச் சுற்றி வளைக்கப் பார்த்தார். அதனால் நடுப்பகுதியும் இடப்பக்கமும் மெலிந்தன. சிப்லி உடம்பு சரியில்லை என்று வண்டிக்குள் போய்விட்டார் (குடித்திருந்தார் என்று அவருடைய ஆட்களே சொன்னார்கள்), தலைமை டாம் கிரீனிடம். கிரீன் நூற்றுக்கணக்கான ஆட்களை, பெரும்பாலும் ஷாட்கன்னும் ரிவால்வரும் வைத்திருந்தவர்களை, நேரே இடது பீரங்கி வரிசை மேல் ஏவினார். அங்கே கேப்டன் அலெக்சாண்டர் மெக்ரே, வட கரோலினாக்காரர், குடும்பம் முழுக்கத் தெற்கில் இருந்தும் வடக்கோடு நின்றவர், பீரங்கிப் பக்கத்திலேயே செத்தார். ஆறு பீரங்கிகளும் போயின. கேன்பி ஆற்றைக் கடந்து கோட்டைக்குத் திரும்பினார். அந்த மதிய முடிவு சரியா தவறா என்பதில் ராணுவ வரலாற்றாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. வலப்பக்க நகர்வு நல்ல யோசனை, நேரம்தான் தப்பு என்பது என் பக்கம். ஆனால் இது கருத்துதான், கணக்கு மாதிரி நிரூபிக்க முடியாது.

சரி, களத்தை வென்றவர்கள் நிலை என்ன? கோட்டையைச் சரணடையச் சொல்லி வெள்ளைக் கொடியோடு ஆள் அனுப்பினார்கள், கேன்பி மறுத்துவிட்டார். கையில் சில நாள் ரேஷன். நான்காவது டெக்சஸ் குதிரை ரெஜிமென்ட்டில் இத்தனை குதிரை செத்ததால், மிச்சக் குதிரைகளையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு அந்த ரெஜிமென்ட் காலாட்படையானது. அந்தக் குதிரைகள் அரசாங்கக் குதிரை இல்லை, ஒவ்வொருவனும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பின்னால் டெக்சஸுக்குத் திரும்பினால் சோறு இல்லை, எதிரே ஆல்புகர்க்கியில் கிடங்கு இருக்கிறது. வடக்கே போனார்கள். அவர்களுக்கும் டெக்சஸுக்கும் நடுவே, 3,000க்கு மேற்பட்ட ஆட்களோடு ஒரு கோட்டை முழுசாக நின்றுகொண்டிருந்தது. நீங்கள் 'உட்கார்ந்திருந்தார்' என்று எழுதியது இந்த உட்கார்தலைத்தான்.

ஆல்புகர்க்கியில் கேப்டன் ஹெர்பர்ட் ஈனோஸ் என்கிற சப்ளை அதிகாரி இருந்தார். என் தொழில்காரர், அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். எதிரி நெருங்கியதும், எடுத்துப் போக முடிந்ததை வண்டியேற்றி அனுப்பிவிட்டு மிச்சத்துக்குத் தீ வைத்தார், மார்ச் தொடக்கத்தில். வருஷக்கணக்கில் ரசீது ரசீதாகக் கணக்கு வைத்த சரக்கை ஒரே இரவில் கொளுத்துவது ஒரு ஸ்டோர் அதிகாரிக்கு எவ்வளவு கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. கிடங்கை எரிக்கத் தயங்கி எதிரிக்கு விட்டுப்போன அதிகாரிகள் எல்லாப் போரிலும் உண்டு. சாண்டா ஃபேயில் மேஜர் டொனால்ட்சன் இன்னும் நன்றாகச் செய்தார், 120 வண்டிகளில் சரக்கை ஏற்றி யூனியன் கோட்டைக்கு ஓட்டிவிட்டார். ஆளுநர் ஹென்றி கானெல்லி அரசாங்கத்தை லாஸ் வேகாஸுக்கு மாற்றினார், இது நியூ மெக்சிகோவில் உள்ள லாஸ் வேகாஸ், சூதாட்ட ஊர் கிடையாது. டெக்சஸ்காரர்கள் மார்ச் 10 வாக்கில் சாண்டா ஃபேக்குள் வந்தபோது கொடிக் கம்பம் இருந்தது, சோளம் இல்லை. க்யுபேரோ என்ற இடத்தில் கொஞ்சம் சரக்கு மாட்டியது, மற்றபடி சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தானியத்தைப் புதைத்து ஆடுமாட்டை மலைக்கு ஓட்டிவிட்டார்கள்.

இனி மிச்சம் யூனியன் கோட்டை மட்டும்தான். அங்கே கொலராடோ படை வந்தது எப்படி என்பது தனிக் கதை. கொலராடோ ஆளுநர் வில்லியம் கில்பின் யாரிடமும் கேட்காமல் மத்தியக் கருவூலம் பணம் தரும் என்று 3,75,000 டாலருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து ஒரு ரெஜிமென்ட்டைத் திரட்டியிருந்தார், அதற்காகவே பதவியையும் இழந்தார். டென்வரிலிருந்து பிப்ரவரி 22 கிளம்பிய அந்த ரெஜிமென்ட், பனியிலும் காற்றிலும் ராட்டன் கணவாயைத் தாண்டிச் சுமார் 400 மைலை இரண்டு வாரங்களில் நடந்து மார்ச் 10 வாக்கில் கோட்டையை அடைந்தது. தலைவர் ஜான் ஸ்லோ, டென்வர் வக்கீல். வந்ததும் கோட்டைத் தளபதி கர்னல் பாலோடு, யார் சீனியர் என்று சண்டை. தொழில்முறை ராணுவக்காரரான பால் சில நாள் வித்தியாசத்தில் ஜூனியராகிப்போனார். கேன்பியின் உத்தரவு, கோட்டையைப் பத்திரமாக வை, எதிரியைத் தொல்லைப்படுத்து, என் வார்த்தை வரும்வரை முழுப் படையோடு கிளம்பாதே என்ற தொனியில் இருந்தது. ஸ்லோ 'தொல்லைப்படுத்து' என்ற பகுதியை மட்டும் படித்துக்கொண்டு 1,342 பேரோடு கிளம்பிவிட்டார். ஆகவே நீங்கள் சொல்வது பாதி சரி. குளோரியெட்டா கேன்பி கேட்ட சண்டை இல்லை.

மார்ச் 26 குளோரியெட்டா கணவாயை ஒட்டிய அப்பாச்சி கேன்யனில் முன்னணிப் படைகள் மோதின. 28ஆம் தேதி பிஜன்ஸ் ரான்ச் என்ற பண்ணையில் ஸ்லோவும் டெக்சஸின் ஸ்கரியும் ஐந்தாறு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள், ஸ்லோ பின்வாங்கினார், களம் டெக்சஸுக்கு. அதே நேரம் மேஜர் ஜான் சிவிங்டன் சுமார் 500 பேரோடு மலைமேல் சுற்றிப் போயிருந்தார். வழிகாட்டியவர் லெப்டினன்ட் கர்னல் மனுவேல் சாவேஸ், கேன்பி நம்பாத அந்த நியூ மெக்சிகோ தொண்டர்களில் ஒருவர். மலை விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே ஜான்சன்ஸ் ரான்ச்சில் டெக்சஸ் படையின் வண்டிகள் மொத்தமும், காவலுக்குக் கொஞ்சம் பேரோடு. செங்குத்தான சரிவில் கயிற்றையும் துப்பாக்கி வாரையும் பிடித்து இறங்கி, சுமார் 80 வண்டிகளை எரித்தார்கள். குண்டு, மருந்து, கம்பளி, மாவு, மாற்றுடுப்பு எல்லாம் போனது. கூடவே 500 கழுதை, குதிரைகளைக் கொன்றார்கள் என்று ஒரு எண் புழங்குகிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களின் கணக்குகளே ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. வண்டிகள் எரிந்ததில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. 1987இல் பிஜன்ஸ் ரான்ச் பக்கம் வீடு கட்டத் தோண்டியபோது 31 டெக்சஸ் வீரர்களின் எலும்புகள் கிடைத்தன, பெரும்பாலானவை ஒரே குழியில்.

சிவிங்டன் அந்த வண்டிகளைக் கண்டுபிடிக்காமல் போயிருந்தால்? டெக்சஸ் படை இன்னும் சில வாரம் சாண்டா ஃபேயில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான். யூனியன் கோட்டையைப் பிடிக்கக் கனரக பீரங்கி அவர்களிடம் இல்லை, முற்றுகையிடத் தீவனம் இல்லை, பின்னால் கேன்பி. ஸ்லோவின் படை வெட்டவெளியில் முழுசாக அழிந்து, கோட்டை காவலின்றிப் போயிருந்தால் மட்டும் கதை மாறியிருக்கும். கேன்பி பயந்ததும் அதற்குத்தான். கண்டித்து உத்தரவு வந்ததும் ஸ்லோ ராஜினாமா செய்தார், வென்ற படையின் தலைவர் வேலையை விட்டது பலருக்கு வினோதமாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை.

பின்வாங்கல் ஏப்ரலில். கேன்பி கிரெய்க்கிலிருந்து கிளம்பி வந்து ஆல்புகர்க்கி மேல் கொஞ்சம் பீரங்கி சுட்டு மிரட்டி, டெக்சஸ்காரர்களை சாண்டா ஃபேயிலிருந்து வெளியே இழுத்தார். அவர்கள் ஆல்புகர்க்கியில் எட்டுச் சிறிய பீரங்கிகளைப் புதைத்துவிட்டுப் போனார்கள், 1889இல் தோண்டி எடுக்கப்பட்டன. ஏப்ரல் 15 பெரால்டாவில் கேன்பி அவர்களைப் பிடித்தார், அந்த நாள் புழுதிப் புயலில் முடிந்தது, இரவில் டெக்சஸ் படை ஆற்றைக் கடந்து நழுவியது. பிறகு இரண்டு படையும் ஆற்றின் இரு கரையில், ஒன்றையொன்று பார்த்தபடி தெற்கே நடந்தன. கேன்பி வேண்டுமென்றே எதிரியைத் தப்பவிட்டார், அவருக்கு மனைவி வழியில் சிப்லி சொந்தக்காரர் என்று கிசுகிசு அன்றே இருந்தது. ஆதாரமில்லாத பேச்சு. அவர் கையில் இருந்த ரேஷனைப் பார்த்தாலே போதும், தன் ஆட்களுக்கே பாதி வயிறு, இதில் 2,000 கைதிகளைப் பிடித்து எதைப் போட்டு வளர்ப்பது? துரத்தினால் எதிரி தானாகவே மெலிவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். டெக்சஸ் படை கிரெய்க் கோட்டையைத் தவிர்க்க ஏழு நாள் ரேஷனோடு மேற்கே மலைக்குள் நுழைந்தது, சுமார் 100 மைல், பாதையே இல்லை. வண்டி, கூடாரம், நோயாளிகள் என்று வழியெங்கும் விட்டுப்போனார்கள். மெக்ரேயின் ஆறு பீரங்கிகளை மட்டும் கயிறு கட்டி இழுத்துக் கடைசிவரை கொண்டுபோனார்கள். பிரிகேடில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பவில்லை. இந்தப் பிரதேசம், அதன் இடஅமைவைத் தவிர, சிந்திய ரத்தத்திலும் செலவிலும் கால்பங்குக்குக்கூட ஈடாகாது என்ற பொருளில் சிப்லியே அறிக்கை எழுதினார். கலிபோர்னியாவின் தங்கத்தையும் துறைமுகங்களையும் பிடிப்பதுதான் மூலத் திட்டம் என்று படிப்பீர்கள். அதன் விரிவான வடிவம், சிப்லியின் பீரங்கி அதிகாரி டீல் இருபது வருஷத்துக்கு மேல் கழித்து நினைவிலிருந்து எழுதியது. ஆசை இருந்திருக்கும், அதற்கான வண்டிகள் ஒருநாளும் இருந்ததில்லை.

மேற்கிலிருந்து உதவியாக வந்த கலிபோர்னியா படையைப் பார்த்தால் இதே பாடம் ஒழுங்காகச் செய்யப்பட்டது தெரியும். ஜேம்ஸ் கார்ல்டன் சுமார் 2,350 பேரை யூமாவிலிருந்து பாலைவனம் வழியே கொண்டுவந்தார், சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு, முன்னால் போனவர்கள் இறைத்த கிணறு மறுபடி ஊறும்வரை பின்னவர்கள் காத்திருந்து. வந்து சேர ஆகஸ்ட் ஆகிவிட்டது, டெக்சஸ்காரர்கள் போயாகிவிட்டது. ஆனால் கார்ல்டன் போகவில்லை. செப்டம்பரில் கேன்பியிடமிருந்து பொறுப்பேற்று, எதிரியில்லாமல் நின்ற அந்தப் படையை மெஸ்கலேரோ அப்பாச்சிகள் மேலும் நவஹோக்கள் மேலும் திருப்பினார். கிட் கார்சன் 1863–64இல் நவஹோ நிலத்தில் பெரிய சண்டைகள் எதுவும் போடவில்லை. சோள வயல்களை எரித்தார், ஆடுகளைப் பிடித்தார், நவஹோக்களின் பள்ளத்தாக்கான கேன்யன் டி ஷேயின் பீச் பழ மரங்கள் வெட்டப்பட்டன. பசி தாங்காமல் வந்தவர்களை 300 மைலுக்கு மேல் நடத்தி பாஸ்கே ரெடோண்டோ என்ற முகாமில் அடைத்தார்கள், எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், 1868 ஒப்பந்தம் வரை அங்கேயே. ஆல்புகர்க்கிக் கிடங்கை எரித்த அதே கணக்குதான், இந்தத் தடவை எரிந்தது அடுத்தவர் வீட்டுச் சாப்பாடு. நீங்கள் இதைக் கேட்கவில்லை. ஆனால் 'பிரதேசத்தைக் காத்தார்கள்' என்று எழுதும்போது இந்தப் பகுதியை விட்டுவிட்டு எழுத எனக்கு வரவில்லை.